குளிர்சாதனப் பெட்டிக்குள் குடை

நான் வெயிலுகந்தமுத்து. காலஞ்சென்ற சிவனுபாண்டி அவர்களின் மூத்த மகன். வயது எழுபத்து நான்கு நிறைவுற்று எழுபத்தைந்து நடைபெறுகிறது. அம்மா, இல்லம் தேடி வருபவர் எவராயினும் இவை அனைத்தையும் தெரிவித்த பின்னரே பேச்சைத் தொடங்குவது என் வழக்கம். தாங்கள் அந்த நாற்காலியில் அமர வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. இதில் அமருங்கள். மோர் வருகிறது. மோர் வருகிறது என்றால் நான்தான் எழுந்து போய்க் கொண்டுவர வேண்டும். பேச்சு சற்று ஓயட்டும், கொண்டுவருகிறேன்.

தாங்கள் சுரண்டையிலிருந்து வருவதாகச் சொன்னீர்கள். தங்கள் பிள்ளைக்குப் பாடம் மனத்தில் தங்கவில்லை என்றும், ஹெப்சிபா டீச்சர்தான் ‘பாவூர்சத்திரம் போய் ஜெயக்கொடியைப் பாருங்கள், வீட்டில் வைத்தே என்னவெல்லாம் செய்தாள் என்று கேளுங்கள்’ என்று அனுப்பியதாகவும் சொன்னீர்கள். ஜெயக்கொடி என் மருமகள். மாவு திரிக்க மில்லுக்குப் போயிருக்கிறாள். பேத்தியும் உடன் போயிருக்கிறாள். அதனால் தங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. மேற்படி விஷயத்தில் அவளைக் கேட்பதைவிட என்னைக் கேட்பதே மேல். நடந்தது அனைத்துக்கும் ஆணிவேர் நான்.

நான் பள்ளியில் படித்தது நான்காம் வகுப்பு வரை. அதன் பின் கற்றதெல்லாம் பேருந்துக்கும் பேருந்துக்கும் இடையில் கற்றது. இவ்வூர்ப் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தேன். தென்காசி வண்டியை அனுப்பிவிட்டுத் திருநெல்வேலி வண்டி வருவதற்குள் ஐந்து பக்கம் படிப்பேன். ஆலங்குளம் வண்டி வழியில் நின்றுவிட்டால் ஓர் அத்தியாயமே முடிந்துவிடும். வண்டிகள் பழுதாகிக் கிடந்த ஆண்டுகளில் என் அறிவு மிகவும் வளர்ந்தது என்றே சொல்ல வேண்டும். எது எந்நேரம் எவ்விடத்தில் இருக்க வேண்டுமோ அது அந்நேரம் அவ்விடத்தில் இருக்க வேண்டும்; இதுவே என் கொள்கை. இக்கொள்கைதான் பின்னால் என் குடும்பத்தைக் காத்தது. எப்படி என்பதைக் கேளுங்கள்.

என் பேத்தியின் பெயர் உலகம்மை. பெயர் சூட்டியவன் நான். அழைப்பது உலகு. அப்போது ஒன்பது வயது. ஒரு வேலை சொன்னால் அழகாகச் செய்வாள். ‘செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவி வா’ என்று இரண்டு வேலை சொன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நிற்பாள். கண்ணுக்கு நேரே இருக்கும் தம்ளரை வீடெல்லாம் தேடுவாள். வகுப்பில் வாய் திறப்பதே கிடையாது. பாளையங்கோட்டை டாக்டர் என்னென்னவோ அட்டைகளைக் காட்டிச் சோதித்துவிட்டு, இது கற்றல் குறைபாடு, அறிவுக் குறைபாடு அன்று என்றார். பார்ப்பதைக் கவனிக்கவும், கவனித்ததை வரிசையாக நினைவில் வைக்கவும் இந்தப் பிள்ளைக்கு வேறு விதமாகப் பழக்க வேண்டும். மருந்து மாத்திரை இல்லை, வீட்டில் உள்ளவர்கள்தாம் பழக்க வேண்டும் என்றார்.

என் மகன் இசக்கிதாசன் கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுகிறான். ஞாயிறு ஒருநாள்தான் வீட்டில் இருப்பான். அவன் யாரையோ விசாரித்து, மதுரையில் இத்தகைய பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் இடம் சொல்லி வைத்துவிட்டான். கெட்ட எண்ணத்தால் அன்று, அம்மா. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் உலகுவை ‘மந்தி’ என்று கூப்பிட்டதை ஒருநாள் பள்ளி வாசலில் நின்று அவனே கேட்டுவிட்டான். அன்று வந்து ஒரு வார்த்தை சொன்னான். பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு வரை பார்ப்பேன். அதற்குள் ஏதாவது ஒன்றைத் தானாகக் கண்டுபிடித்துத் தானாக என்னிடம் வந்து சொன்னாளென்றால் இங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் மதுரைதான் என்றான். ஜெயக்கொடி அன்று சோறு உண்ணவில்லை. நானும் உண்ணவில்லை. எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

ஹெப்சிபா டீச்சர் செவ்வாய்தோறும் வரலானார். இத்தகைய பிள்ளைகளின் வீட்டுக்கே வந்து வழி சொல்லிக் கொடுக்கும் சிறப்பாசிரியர் அவர் என்பது தங்களுக்குத் தெரியும். முதல் வாரம் நான் வாசலில் நின்று அவருக்கு வரவேற்புரை ஆற்றினேன். கல்வியின் தோற்றம், வளர்ச்சி, இன்றைய நிலை என்று மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு பேசினேன். இரண்டாம் பகுதியில் அவருடைய அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. மறு வாரத்திலிருந்து அவர் புறக்கடை வாசல் வழியாக நேரே அடுப்படிக்குப் போய் ஜெயக்கொடியிடம் பேசிவிட்டுச் சென்றார். முன்வாசலில் வெயில் அதிகம்.

ஆகவே நான் தனியே ஒரு பயிற்சி வகுத்தேன். மாலைதோறும் உலகுவை எதிரில் அமர்த்திப் பேருந்துக் கால அட்டவணையை ராகத்தோடு ஓதுவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்ல மெல்ல அசைப்பாள். ஆழ்ந்த கவனம். சில நாள்களில் கவனம் மிகுந்து பாயிலேயே சாய்ந்துவிடுவாள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் ஜெயக்கொடி வந்து, “மாமா, டீச்சர் ஒரு வெளையாட்டு சொல்லிருக்காவ. வீட்டுல நான் ஒண்ணு ரெண்டு சாமான” என்று ஆரம்பித்தாள். விளையாட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு ஒரு கருத்துத் தோன்றியது. விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தொடங்கினேன். நடுவில் பால் பொங்கியது. “அப்புறம் சொல்லுதேன் மாமா” என்று ஓடினாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

சித்திரை பிறந்தது. நான் வீட்டில் எல்லாருக்கும் முன்னால் எழுபவன். ஒருநாள் விடியுமுன் தண்ணீர் குடிக்கலாமென்று குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே தோசை மாவுச் சட்டிக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் என் குடை நிற்கிறது.

என் குடை, அம்மா. மழைக்காலத்தில்கூட நான் பார்த்துப் பார்த்து விரிக்கும் குடை.

தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்தது. துண்டால் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்து படுத்தேன். மறுநாள் உப்பு ஜாடி செருப்பு அலமாரியில் இருந்தது. அதற்கு மறுநாள் நாட்காட்டி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. பிறகு பல் துலக்கும் பிரஷ்களோடு ஒரு தோசைக் கரண்டி நின்றது. தலையணை உறை ஒன்று மிக்சிக்குச் சட்டை போல மாட்டியிருந்தது.

தாங்கள் சிரிக்கிறீர்கள். இதுதான் டீச்சர் சொன்ன விளையாட்டு என்று கண்டுகொண்டுவிட்டீர்கள். உண்மைதான், இரவில் படுக்கப் போகும்போது ஜெயக்கொடி ஒரு பொருளை இடம் மாற்றி வைப்பாள், காலையில் உலகு அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஆனால் தங்களுக்கு இப்போது ஒருவர் உட்கார்ந்து வரிசையாகச் சொல்லுகிறார். எனக்கு அன்று சொல்வார் இல்லை. நான் என் அறிவைக் கொண்டுதான் ஆராய வேண்டியிருந்தது.

ஆராய்ந்தேன். மகன் வண்டியில் இருக்கிறான். பேத்தி என் அருகே முன்கூடமான பட்டாசலில் பாயில் தூங்குகிறாள். எனக்கே மறதி வந்துவிட்டதோ என்று ஐயுற்று, கால அட்டவணையைக் கடைசி வண்டியிலிருந்து முதல் வண்டி வரை தலைகீழாக ஒப்பித்துப் பார்த்தேன். ஒரு வண்டியும் தவறவில்லை. எஞ்சியவள் ஜெயக்கொடி. பிள்ளையை நினைத்து நினைத்து அந்தப் பெண்ணின் புத்தி தடம் மாறிவிட்டது என்ற முடிவுக்கு வந்தேன். அம்மா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்வதற்கு இடமும் நான் கொடுத்ததில்லை.

இசக்கிதாசனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? மகளை மதுரைக்கு அனுப்பத் துணிந்தவன் மனைவியை எங்கே அனுப்புவானோ? ஆகவே ஒரு தீர்மானம் செய்தேன். யாரிடமும் மூச்சு விடுவதில்லை. தினமும் விடியுமுன் எழுந்து, வீட்டைச் சுற்றி வந்து, இடம் மாறிய பொருளைக் கண்டுபிடித்து, அதனதன் இடத்தில் சேர்த்துவிட்டு, ஒன்றும் அறியாதவன் போல வந்து படுத்துவிடுவது. அத்துடன் நாட்டு மருந்துக் கடையில் வல்லாரைப் பொடி வாங்கி, காலையில் நானே காபி போட்டு, அவள் தம்ளரில் மட்டும் ஒரு சிட்டிகை கலந்து கொடுத்தேன். மாமனார் காபி போட்டுத் தருவதைக் கண்டு அவளுக்குத் திகைப்பு. காபி ஒரு மாதிரி இருக்கிறதே என்று பால்காரரை மாற்றினாள். பிறகு அவரையும் மாற்றினாள்.

காலையில் அவள் உலகுவைக் கையில் பிடித்துக்கொண்டு, “வீட்டுல எது தப்பா இருக்கு, பாத்துச் சொல்லு பாப்போம்” என்று கேட்டுக்கொண்டே சுற்றி வருவாள். எனக்கு நெஞ்சை அறுக்கும். பெற்ற பிள்ளையிடமே கேட்கிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உலகு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வருவாள். பிறகு என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். ஜெயக்கொடி போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பாள். உள்ளே எட்டிப் பார்ப்பாள். ஆணியைத் திரும்பிப் பார்ப்பாள். பிறகு பிள்ளையை வாரித் தூக்கி முத்தமிடுவாள். குளிர்சாதனப் பெட்டிக்குள் பார்த்துவிட்டுப் பிள்ளையை முத்தமிடுகிறவளைப் பற்றி நான் வேறு என்ன நினைப்பது? வல்லாரையை இரண்டு சிட்டிகையாக உயர்த்தினேன்.

அவள் நினைத்தது வேறு. பிள்ளை தவற்றைக் கண்டுபிடிப்பதோடு நில்லாமல், வாய் திறவாது தானே எடுத்துச் சரியாகவும் வைத்துவிடுகிறாள் என்று நினைத்திருக்கிறாள். டீச்சரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறாள். டீச்சர் மகிழ்ந்து போய், பிள்ளை தேறிவிட்டாள், இனிமேல் கடினமாக வை என்று சொல்லியிருக்கிறார்.

கடினமாக வைத்தாள். சர்க்கரை டப்பா மூடியும் ரவை டப்பா மூடியும் இடம் மாறின. கொடியில் காய்ந்த சட்டைக்குப் பொத்தான் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தது. ஒருநாள் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளியிருந்தாள். ஒரு நேரக்காப்பாளன் வீட்டில். நான் ஒன்றையும் விடவில்லை. சொல்லப் போனால், அம்மா, அவ்விரண்டு மாதங்களில் என் கவனமும் நினைவும் அபாரமாகப் பெருகின. மறந்து போயிருந்த நடத்துநர்களின் பெயர்களெல்லாம் நினைவுக்கு வந்தன. அந்தப் பயிற்சி மிக நல்ல பயிற்சி. தங்கள் வீட்டிலும் தயங்காமல் செய்யுங்கள். எளிய பொருளில் தொடங்கிப் போகப் போகக் கடினமாக்குங்கள். கண்டுபிடித்தால் உடனே பாராட்டுங்கள். இல்லையென்றால் திட்டாமல் மறுநாளும் வையுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று ஜெயக்கொடி இதற்கு ஒரு நிபந்தனை சேர்ப்பாள். அது அவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. மறுநாள் பள்ளி திறக்கிறது. இசக்கிதாசன் விடிகாலையில் வந்து இறங்கினான். மதுரைக்கு எடுத்துப் போகவேண்டிய பெட்டியைப் பரணிலிருந்து அவனே இறக்கித் துடைத்து வாசல் பக்கம் வைத்தான். ஹெப்சிபா டீச்சர் கோயில் ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சேலையோடு நேரே வந்தார். பிள்ளை தேறியதைத் தகப்பன் கண்ணாலே பார்க்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. ஜெயக்கொடி மூன்று பொருள்களை இடம் மாற்றி வைத்துவிட்டு, டீச்சருக்குக் காபி கொடுக்க அடுப்படிக்குப் போனாள்.

நான் அந்த வழியே வந்தேன். குளிர்சாதனப் பெட்டிக்குள் குடை, செருப்பு அலமாரியில் உப்பு ஜாடி, கடிகாரம் பத்து நிமிடம் பின்னால். பகல் வேளையில், வீட்டில் விருந்தினர் இருக்கும்போது, மகனும் இருக்கும்போது நோய் முற்றிவிட்டது என்று பதறிப் போனேன். கண்மூடித் திறப்பதற்குள் மூன்றையும் சரிசெய்துவிட்டு வந்து அமர்ந்தேன். இந்த வயதில் அத்தனை வேகம் வேறு எவருக்கும் வராது.

தேர்வு தொடங்கியது. வீட்டில் மூன்று இடத்தில் தப்பு இருக்கிறது, கண்டுபிடித்து அப்பாவிடம் சொல் என்று டீச்சர் உலகுவிடம் சொன்னார். உலகு போனாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள். செருப்பு அலமாரியைப் பார்த்தாள். கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். திரும்பி வந்து பட்டாசல் நடுவில் நின்றாள். வாய் திறக்கவில்லை.

“பாத்தாச்சுல்லா” என்றான் இசக்கிதாசன். குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்க முடியவில்லை. “டீச்சர வெயில்ல அலையவிட்டது போதும், ஜெயா. பிள்ளைக்குத் துணிய எடுத்து வை.”

ஜெயக்கொடி ஓடிப்போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். செருப்பு அலமாரியைத் திறந்தாள். வெளுத்த முகத்தோடு வந்து, “நான் வச்சேன். சத்தியமா நான் வச்சேங்க” என்றாள். அவன் அவளையே பார்த்தான். இனி மறைப்பதற்கில்லை என்று கண்டு, நான் எழுந்து மேல்துண்டைச் சரிசெய்து, அன்பு மகனே, உன் மனைவியின் உடல்நிலை குறித்து ஒரு செய்தி, என்று தொடங்கினேன். அப்போது என் வேட்டியை யாரோ இழுத்தார்கள். உலகு. தகப்பனைப் பார்த்துக்கொண்டே என்னைக் கைகாட்டினாள்.

“தாத்தாதான் தப்பு.”

“தாத்தாவுக்கு என்னட்டி?” என்றான் அவன்.

“அம்மா வைப்பா. தாத்தா எடுத்துருவாவ. விடியுமுன்ன. எல்லாரும் தூங்கும்போது. கொடைய எடுத்துத் துண்டால தொடைச்சு ஆணியில மாட்டுவாவ. இன்னைக்கும் எடுத்தாவ. கொடை, உப்பு ஜாடி, கெடிகாரம்.”

அம்மா, அந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பேசியதோடு விட்டாளா? போய்க் குடையை எடுத்தாள், குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாள். உப்பு ஜாடியைச் செருப்பு அலமாரியில் வைத்தாள். பிறகு சித்திரை முதல் நாளிலிருந்து ஒவ்வொன்றாகத் தொடங்கினாள். நாட்காட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். தோசைக் கரண்டியைப் பிரஷ்களோடு நிறுத்தினாள். மிக்சிக்குத் தலையணை உறை. சர்க்கரைக்கு ரவை மூடி. எந்த நாள் எதை நான் எடுத்தேனோ அந்த வரிசை பிசகாமல் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டே போனாள். நான் மறந்துவிட்ட ஒன்றையும் செய்தாள். போர்வைக்குள்ளிருந்து தினமும் என்னைக் கவனித்திருக்கிறாள். கவனம் என்றால் அது கவனம்.

டீச்சர்தான் முதலில் சிரித்தார். பிறகு ஜெயக்கொடி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். இசக்கிதாசன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிள்ளையை மடியில் இழுத்து, இதை அம்மாவிடம் ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டான்.

“தாத்தா ஒளிச்சில்லா வெளையாடுதாவ. சொன்னா தோத்துருவாவ, பாவம்.”

“பிறகு இன்னைக்கு ஏன் சொன்ன?”

அவள் வாசல் பக்கம் இருந்த பெட்டியைப் பார்த்தாள். “சொல்லலன்னா மதுரைக்குப் போணும்லா” என்றாள்.

அவன் அப்படியே அவள் தலையில் முகத்தை வைத்துக்கொண்டான். அந்த வேளையில், கண்டீர்களா, என் பேத்தி அத்தனை பேர் நடுவில் தன் ஆசிரியர் யார் என்பதைக் கையை நீட்டிக் காட்டிவிட்டாள், என்று நான் எடுத்துச் சொன்னேன். தவறுகளைத் திருத்துபவர் தாத்தா என்பதைத்தான் பிள்ளை சுருக்கமாகச் சொன்னாள். ஹெப்சிபா டீச்சர் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, “அய்யா, இனிமே நல்லா விடிஞ்சப்புறம் எந்திரிங்க” என்றார். என் உடல்நலத்தில் அவருக்கு அத்தனை அக்கறை. இப்போது ஏற்பாடு வேறு. ஜெயக்கொடி பொருளை மாற்றி வைப்பாள், நானும் உலகுவும் ஒரே நேரத்தில் தேடத் தொடங்குவோம். பெரும்பாலும் அவளே வெல்கிறாள். நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று சொன்னால் வீட்டில் எவரும் நம்புவதில்லை.

அந்த ஞாயிறுக்கு வருகிறேன். இசக்கிதாசன் மதுரைக்குச் சொல்லிவிட வேண்டுமென்று எழுந்து போனைத் தேடினான். மேசை மேல் வைத்த போனைக் காணவில்லை. சட்டைப் பையைப் பார்த்தான், வண்டிக்குப் போய்ப் பார்த்து வந்தான். உலகு அவனைச் சுற்றிச் சுற்றிக் குதித்தாள். “எது தப்பா இருக்கு, பாத்துச் சொல்லுங்கப்பா, பாப்போம்.” நாங்கள் நான்கு பெரியவர்களும் தேடினோம். கட்டிலுக்கு அடியில், பூஜை அலமாரியில், மோர்ச் சட்டியில்கூடத் தேடினோம். தோற்றோம். கடைசியில் அவளே இரக்கப்பட்டுத் தகப்பனை இழுத்துப் போய் அரிசி டிரம்முக்குள் கையை விடச் சொன்னாள். அரிசி ஒட்டிய போனைக் காதில் வைத்து, விடுதிக்காரரிடம் அவன் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னான். “எம் பிள்ள இங்கயே படிக்கட்டும் சார்.” பெட்டியைப் பரணில் ஏற்றினான். இது நிகழ்ந்தது குரோதி ஆண்டு, வைகாசித் திங்கள் இருபத்தேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மதியச் சோற்றுக்குச் சற்று முன்பு.